கடலுக்குள் ஏன் காப்பரண்?

கேள்வி: பிரான்ஸின் தென்மேற்குக் கடற்கரையில் ஜெர்மானியக் காப்பரண்கள் அலைக்குள் கவிழ்ந்து கிடக்கின்றனவே, தண்ணீரிலா கட்டினார்கள்?

பதில்: கட்டியது மணல்மேடுகளின் மேல்தான். காப்பரண் கடலை நோக்கி ஓடவில்லை, கரைதான் பின்வாங்கிவிட்டது.

இந்தக் காப்பரண்கள் அடங்கிய, நார்வே முதல் ஸ்பெயின் எல்லைவரை நீண்ட ‘அட்லாண்டிக் சுவர்’ திட்டத்துக்கு ஹிட்லர் 1942இல் உத்தரவிட்டார். முக்கிய அரண்களின் காங்கிரீட் சுவர் 2 மீட்டர் கனம். குண்டுக்குத் தாங்கும், காலடி மணலுக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. குளிர்காலப் புயல் அலைகள் மேட்டின் அடியை அரிக்க, மேல்மணல் சரிகிறது. ஜிரோந்து பகுதியில் கரை ஆண்டுக்குச் சராசரியாக 2 மீட்டருக்கு மேல் உள்வாங்குகிறது. பிடிமணல் போனதும் கட்டடம் உடையாமலே கீழே இறங்கிச் சாய்கிறது. சில ஆண்டுகளில் அலை அதைச் சூழ்ந்துகொள்கிறது. கப் ஃபெரே, கப்ரெதோன் கரைகளில் இந்த வரிசையின் எல்லாக் கட்டங்களையும் காணலாம்.

ஜெர்மானியர் எதிர்பார்த்த நேசப்படை 1944 ஜூனில் வடக்கே நார்மண்டியில் இறங்கிவிட்டது; இங்கே இறங்கியவை காப்பரண்கள்தாம். இன்று அவற்றின் மேல் வண்ணச் சித்திரங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் துருக்கம்பிகள் குளிப்பவர்களைக் கிழிக்கும் என்பதால், நெருங்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் உண்டு.