ஈரம் வேறு, ஈரப்பதம் வேறு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் காய்ந்து வாடுவது பாம்புதான். அதன் பக்கம் நின்று பதில் சொல்கிறேன்.

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தாய்: மகன் பந்து மலைப்பாம்பு ஒன்று வளர்க்கிறான். கோடையில் சட்டையை முழுசாகக் கழற்றிப் போடுகிறது. பனிக்காலம் வந்தால் துண்டு துண்டாக உரிகிறது. நாளுக்கு மூன்று தரம் தண்ணீர் தெளிக்கிறான். அப்படியும் ஏன் இப்படி?

உங்கள் மகன் தெளிக்கிற தண்ணீரைக் குடிப்பது பாம்பு அல்ல அம்மா, உங்கள் வீட்டு ஹீட்டர்.

கணக்கைப் பாருங்கள். வெளியே பூச்சியம் டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்று அதிகம் போனால் 5 கிராம் நீராவி தாங்கும். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானதும், 19 கிராம் கொள்ளும் பெரிய பாத்திரமாகிவிடுகிறது. உள்ளே இருப்பதோ பழைய 5 கிராம். கால் பாத்திரம். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால் அந்தக் கால், அரைக்காலாகிவிடும். உதடு வெடிக்கிறது, கை வறள்கிறது என்று நாம் கிரீம் தேடுகிற அதே நாட்களில் பாம்பும் வறள்கிறது. அதற்கு மேலே சூட்டு விளக்கு வேறு.

பந்து மலைப்பாம்பின் ஊர் கானா, டோகோ, பெனின் என்று நீளும் மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே புல்வெளியில் வெயில் பொரிந்தாலும் பகலில் அது வெளியே கிடப்பதில்லை. எலி வளைக்குள்ளோ கரையான் புற்றுக்குள்ளோ சுருண்டிருக்கும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் பழமொழி சொல்லிப் பாம்பைக் குறை கூறுகிறோம். கரையானுக்கு ஈரக் காற்று இல்லாவிட்டால் உயிரில்லை. அதனால் புற்றின் உள்ளே எப்போதும் ஈரக் காற்று நிற்கும்படி கட்டி வைக்கிறது. அந்த வீட்டின் அருமை பாம்புக்குத் தெரியும். உங்கள் மகன் கட்ட வேண்டியது அந்தப் புற்றை. அவன் இப்போது பெய்விப்பது மழையை.

தெளித்தவுடன் ஈரப்பத மீட்டர் 90 சதவீதம் காட்டும்; ஒரு மணி நேரத்தில் 30-க்கு இறங்கும். காற்று காய்ந்து போக, தரை மட்டும் நனைந்தே கிடக்கும். அந்த ஈரத்தில் வயிறு ஒட்டிக் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுத்து, சிவந்து, புண்ணாகும். ஆக, சட்டை உரிய ஈரம் போதவில்லை. வயிறு அழுக ஈரம் போதும். ஒரே பெட்டிக்குள் இரண்டு துன்பமும்.

இப்படிச் செய்யச் சொல்லுங்கள். தேங்காய் மட்டைத் துண்டும் நார்த்தூளும் கலந்து நான்கு விரல் கனத்துக்குப் பரப்பட்டும். தண்ணீரை மேலே தெளிக்காமல் நான்கு மூலைகளிலும் மெதுவாக ஊற்றட்டும். நீர் அடியில் இறங்கித் தங்கும், மேல்பரப்பு காய்ந்திருக்கும், காற்று மட்டும் கீழிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். பெட்டியின் மேல்மூடி கம்பி வலையா? ஈரமெல்லாம் போவது அந்த வழியாகத்தான். முக்கால் பங்கை மூடி, விளக்குக்கும் காற்றோட்டத்துக்கும் கால் பங்கை விடட்டும். விளக்குக்கு நேர் கீழே எரியக்கூடிய எதையும் போட வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது? இதை நீங்களே மகனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். புட்டுக்கு மா குழைக்கத் தெரியும் அல்லவா? கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், ஒரு சொட்டும் வடியக் கூடாது. பாம்பின் படுக்கைக்கும் அதே பதம். ஈரப்பதம் என்ற சொல்லில் பெரிய பாதி ‘பதம்’தான்.

லண்டன் வாசகர்: பெட்டிக் கண்ணாடியில் ஒட்டிய முள் மீட்டர் இரண்டு ஆண்டாக 60-ஐ விட்டு அசையவில்லை. என் பாம்பு அத்தனை நிம்மதியாக இருக்கிறதா?

நிம்மதியாக இருப்பது முள். அந்த வகை மீட்டர்கள் பலவும் தூசி படிந்தால் ஒரே இடத்தில் தியானத்தில் அமர்ந்துவிடும். நுனியில் உணரியோடு கம்பி நீளும் டிஜிட்டல் மீட்டராக இரண்டு வாங்குங்கள். ஒன்றைச் சூடான பக்கத்திலும் மற்றதைக் குளிர்ந்த பக்கத்திலும், பாம்பு படுக்கிற உயரத்தில் வையுங்கள். பாம்பு தரையில் வாழ்கிறது. கூரைக் காற்றை அளந்து அதற்கு என்ன பயன்?

வாங்கியதையும் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, ஈர மணல் போல ஆகும் வரை சில சொட்டு நீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒன்றாக ஒரு ஜிப் பைக்குள் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, அறைச் சூட்டில் ஓர் இரவு விடுங்கள். ஈர உப்பைச் சுற்றியுள்ள காற்று 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இயற்கை அதில் ஏமாற்றாது. உங்கள் மீட்டர் 68 காட்டினால், இனி எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள்.

இரண்டு பக்கத்து மீட்டரும் வேறு வேறு எண் காட்டினால் பயப்படாதீர்கள். 25 டிகிரியில் 80 சதவீதம் உள்ள காற்று, ஒரு சொட்டு நீரும் இழக்காமல் 32 டிகிரிக்குப் போனாலே சுமார் 53 சதவீதம் ஆகிவிடும். இரண்டும் உண்மையே சொல்கின்றன.

அதே லண்டன் வாசகர்: எல்லாப் பாம்புக்கும் ஒரே சதவீதம்தானா?

எல்லா வீட்டு ரசத்துக்கும் ஒரே புளிப்பா? பந்து மலைப்பாம்புக்கு 60 முதல் 80 வரை. அமெரிக்காவின் சோளப் பாம்புக்கு 40 முதல் 60 போதும். பிரேசிலின் வானவில் போவா 80-க்குக் கீழே வந்தாலே வாடத் தொடங்கும். கென்ய மணல் போவாவுக்கு அதே ஈரத்தைக் கொடுத்தால் நோயில் விழும். ஆனால் வறண்ட நாட்டுப் பாம்புக்கும் ஈரப் பாசி நிரப்பிய ஒரு சிறு டப்பாவை, நுழைய ஓட்டை போட்டு ஒரு மூலையில் வையுங்கள். பாலைவனத்திலும் மண்ணுக்கு அடியில் ஈரம் உண்டு. டப்பாவுக்குள் எப்போது போவது என்பதைப் பாம்பே முடிவு செய்துகொள்ளும்.

பொள்ளாச்சி வாசகர்: எங்கள் ஊர்த் தென்னை நார்த்தூள் கட்டிகள் கப்பலேறிப் பாம்புப் படுக்கையாகின்றன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்ல விடுவதில் நார்த்தூளுக்கு ஈடு குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நார்த்தூளில் இயல்பாகவே உப்பு இருக்கும். நன்றாக அலசிய தூளே பாம்புக்கு ஆகும். உரம் கலந்த தோட்டக் கலவை கூடவே கூடாது. வாசனை நன்றாக இருக்கிறதே என்று தேவதாரு மரத்தூளைச் சிலர் போடுகிறார்கள். அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு.

சிட்னி வாசகி: முறையான உரிமத்தோடு ஒரு கார்ப்பெட் மலைப்பாம்பு வளர்க்கிறேன். கண் திடீரென்று பால் போல வெளுத்துவிட்டது. பார்வை போய்விட்டதா?

இல்லை தங்கச்சி, சட்டை மாற்றப் போகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும்போது அந்தச் செதில் மங்கி நீலம் பாய்ந்து தெரியும். சில நாளில் கண் மறுபடி தெளியும். பிறகு சில நாளில் சட்டை கழலும். இந்த ஒன்றிரண்டு வாரமும் தீனி வேண்டாம், கையில் எடுக்க வேண்டாம், ஈரப்பதத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள். கண் சரியாகத் தெரியாத நேரத்தில் யார் தொட்டாலும் அது திடுக்கிடும்.

கழன்ற சட்டையை எறிவதற்கு முன் விரித்துப் பாருங்கள். மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக, காலுறையை உள்வெளியாகத் திருப்பிக் கழற்றியது போல இருக்க வேண்டும். தலைப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிச் செதில்களும் இருக்க வேண்டும். கண்ணில் ஒன்று தங்கிவிட்டால் இடுக்கியைத் தொடவே தொடாதீர்கள். அடியில் இருப்பது கண். ஈரத் துணி விரித்த, காற்றுத் துளையுள்ள டப்பாவில் பாம்பை வெதுவெதுப்பாக அரை மணி நேரம் வைத்து, கூடவே இருந்து பாருங்கள். அடுத்த சட்டையிலும் போகாவிட்டால் ஊர்வன மருத்துவரிடம் போங்கள். வால் நுனியையும் பாருங்கள். அங்கே பழைய தோல் மோதிரம் போல இறுகினால் இரத்தம் ஓடாது. நுனி கறுத்து உதிர்ந்த ஒரு பாம்பை நான் பார்த்திருக்கிறேன். உயிரோடுதான் இருந்தது. அரை வாளி நார்த்தூளும் ஒரு சொம்புத் தண்ணீரும் காப்பாற்றியிருக்கக் கூடிய வால் அது.

சிட்னி வாசகியின் தோழி: வாரம் ஒரு முறை குளிப்பாட்டலாமா?

வேண்டாம். பெட்டி சரியாக இருந்தால் குளியல் தேவையில்லை. பாம்பு உடலைச் சுருட்டிப் படுத்து ஊற ஒரு பெரிய தண்ணீர்த் தட்டு வையுங்கள். விருப்பம் வந்தால் தானே இறங்கும். ஆனால் நாள் முழுக்கத் தட்டிலேயே கிடந்தால் பெட்டி காய்ந்திருக்கிறது, அல்லது சூடு அதிகம், அல்லது உடம்பில் உண்ணி.

சென்னை வாசகர்: அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்து பந்து மலைப்பாம்பு வளர்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் பூஞ்சை பூக்கிறது.

நீங்கள் ஸ்கார்பரோ தாயின் பதிலைப் படித்துவிட்டு மேல்மூடியை மூடிவிடாதீர்கள். உங்கள் ஊர்க் காற்றிலேயே அதற்கு வேண்டிய ஈரம் பெரும்பாலும் இருக்கிறது. உங்களுக்குக் குறைவது காற்றோட்டம். மூடியின் வலையை மறைக்காமல் விடுங்கள், தண்ணீர்த் தட்டைக் குளிர்ந்த பக்கத்துக்கு நகர்த்துங்கள், பூஞ்சை பிடித்த படுக்கையை முழுவதும் மாற்றுங்கள். அறையில் ஏ.சி. ஓடும் மாதங்களில் கதை தலைகீழ். ஏ.சி. காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே குழாயில் சொட்டவிடுகிறது அல்லவா? அது உங்கள் பாம்பின் பங்கும்தான்.

ஈரத்தோடு குளிரும் சேர்வதுதான் பெரிய ஆபத்து. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. நம்மைப் போல இருமிச் சளியைத் தள்ள அதற்கு வழியில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கில் குமிழ் கட்டினால், மூச்சில் விசில் கேட்டால் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

செங்கல்பட்டு வாசகி: வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை மண்பானையில் வைத்திருப்பதைப் பார்த்தேன். வீட்டுப் பெட்டிக்கும் பானை உதவுமா?

அருமையான கேள்வி. 1978-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் பானை வாயைப் பருத்தித் துணியால் கட்டிப் பாம்பை வைப்பார்கள்; சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் காட்டில் விட்டுவிடுவார்கள். பானைக்குள் இருட்டு, சுட்ட மண்ணின் குளிர்ச்சி, துணி வழியே காற்று. அது ஒரு வளை. 2023-இல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்த நாடு, அவர்கள் சமூகத்தின் பானையையும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

வீட்டில் சிறு பானை ஒன்றின் வாயைப் பெரிதாக்கி, விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். ஓர் இரவு நீரில் ஊற வைத்து, துடைத்து, பாம்பு நுழையும்படி பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். மெருகு பூசாத மண் வாங்கிய நீரை நிதானமாக விட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இடம், பாம்பு சுருண்டால் உடல் நான்கு பக்கமும் உரசும் அளவுக்கு இருந்தால் போதும்.

சேலம் வாசகர்: வயல் வரப்பில் சாரைப்பாம்புக் குட்டி கிடைத்தது. பெட்டி, மீட்டர், விளக்கு எல்லாம் வாங்கிவிட்டேன். எத்தனை சதவீதம் வைக்க வேண்டும்?

தம்பி, அந்தக் குட்டிக்கு வேண்டிய சதவீதம் நீங்கள் அதை எடுத்த வரப்பில் இருக்கிறது. நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவர் நீங்கள். அந்த அக்கறை குட்டிக்குப் பயன்படட்டும். அது சாரைதானா என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் கையால் தொடாமல் வனத்துறையை அழையுங்கள். குட்டியை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக அவர்கள் உதவுவார்கள். வளர்ந்தால் அது உங்கள் வயல் எலிகளைத் தின்னும். இன்று பொழுது சாய்வதற்குள் அது பழைய வரப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.