தாளில் பணக்காரன்

கேள்வி: நெட் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டான் என் மகன். மாதம் 37,000 ரூபாயாம். ஆனாலும் விடுதி மெஸ் பாக்கிக்கு என்னிடம்தான் கை நீட்டுகிறான். பணத்தை என்னதான் செய்கிறான்?
– ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: பையனைச் சந்தேகிக்காதீர்கள். பணம் இன்னும் அவன் கைக்கே வந்திருக்காது!

31,000 ஆக இருந்த அந்த இளநிலை ஆய்வு உதவித்தொகையை 2023 ஜனவரி முதல் 37,000 ஆக்கினார்கள், அது உண்மைதான். ஆனால் முதல் தேதி பிறந்ததும் தானாக வந்து விழ அது என்ன சம்பளமா? பையன் ஆய்வைத் தொடர்கிறான் என்று பல்கலைக்கழகம் மாதாமாதம், தொகையை அனுப்பும் கனரா வங்கியின் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும். அங்கே ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். முன்னவர் விடுப்பில் போய், பின்னவர் தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவை வரவேற்கும் மும்முரத்தில் இருந்தால், உங்களுக்குத்தான் போன் வரும்.

இதற்கே இப்படி என்றால், ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்பவருக்கு மாதம் 8,000தான். 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அதையும் நிறுத்தப் பார்த்தது. மாணவர்கள் டெல்லியில் அதன் வாசலிலேயே படுத்துக் கிடந்து தடுத்தார்கள். பிரதமரின் ஆய்வு உதவித்தொகைக்கோ தொடக்கமே 70,000. (ஆய்வேடு என்னவோ எல்லாருக்கும் ஒரே கனம்தான்.)

நிலுவை ஒருநாள் மொத்தமாக வரும். அதுவரை கொடுங்கள், கணக்கு எழுதி வையுங்கள். வட்டி மட்டும் கேட்காதீர்கள், யு.ஜி.சி.யும் அவனுக்குத் தரப்போவதில்லை.