தோடும் ஆறெழுத்தும்

ஏலக்காய்க் காட்டுக் கூலியில் சேர்த்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு பவுன் தோடு வாங்கப்போகிறேன். அதில் பொறித்திருக்கும் ஆறெழுத்துக் குறி என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமா?
— வாசகி, கம்பம்

தோடு காதோடு பேசும், ஊரோடு பேசாது! 2023 ஏப்ரலிலிருந்து கடைகளில் கட்டாயமான அந்த ஹெச்.யு.ஐ.டி. குறி நகையின் ஜாதகம், உங்களுடையதல்ல. 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் கடையின் பதிவு எண், சோதித்த மையம், தங்கத்தின் தரம் எல்லாம் வரும். வாங்கியவர் பெயர் வராது. பான் எண் கேட்பதும் 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான்.

பில்லை மட்டும் உங்கள் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள், தாயீ. விடிகாலை ஜீப்பில் மலையேறிச் சம்பாதித்த காசு அது. நாளை விற்கப் போனாலும், யாருடைய நகை என்று வழக்கே வந்தாலும், உங்களுக்காக அந்தத் தாள் பேசும்.