மாமாவின் ஜீப்பும் ஹோபோக்கன் தெரு முக்கும்

ஹோபோக்கன்,
நியூ ஜெர்சி.

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தை கொடுத்தனுப்பிய 8 எம்.எம். ஏலக்காய் வந்து சேர்ந்தது. ஆபீசில் ஒரு வெள்ளைக்காரருக்கு அதில் டீ போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது நாலு மணியானால் காரணமில்லாமல் என் மேசைப் பக்கம் வந்து நிற்கிறார்.

இந்த ஊர் நியூயார்க்குக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் இக்கரையில் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 60,000. நம் ஊரான போடியைவிடக் குறைச்சல்தான். வந்த புதிதில் ரோட்டைக் கடக்க நின்றேன். ஒரு கார் எனக்காக நின்றது. நம்மூர்க்காரன் புத்தி எங்கே போகும்? வண்டி ரிப்பேர் போலிருக்கிறதே, தள்ளிவிடுவோம் என்று பின்பக்கம் போய்விட்டேன்.

மாமா, 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு வருஷத்துக்கும் மேலாக இந்த ஊர்த் தெருக்களில் விபத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கோடிகோடியாகக் கொட்டியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். போய்ப் பார்த்தால் பெயிண்டும் பிளாஸ்டிக் கம்பமும்!

நடப்பவர் கடக்கும் கோட்டிலிருந்து 25 அடிக்குள் வண்டி நிறுத்தக்கூடாது என்பது நியூ ஜெர்சி சட்டம். சட்டத்தை யார் மதிக்கிறார்கள்? அதனால் அந்த இடத்தில் கம்பங்களை நட்டுவிட்டார்கள். இடித்தால் படுத்து, தானே எழுந்துகொள்ளும் கம்பம். சில முக்குகளில் சைக்கிள் ஸ்டாண்டு, சிலவற்றில் செடிகொடி. கார் நுழைய இடமில்லை. வருகிற வண்டிக்கு ஆள் தெரிகிறார், ஆளுக்கு வண்டி தெரிகிறது. சிக்னலிலும் பல இடங்களில் வண்டிக்குப் பச்சை விழச் சில நொடி முன்பே நடப்பவருக்கு வழி கிடைக்கிறது. 2022இல் வேக வரம்பையும் 20 மைலுக்கு, அதாவது 32 கிலோமீட்டருக்கு, இறக்கினார்கள். எப்படியும் தார் போட வேண்டிய தெருவில் கையோடு கோட்டையும் மாற்றிப் போடுவதால் செலவும் கம்மி. 2018இல் மேயராக வந்த ரவி பல்லா, நம் நாட்டு வம்சாவளிச் சீக்கியர், இதில் பிடிவாதமாக நின்றார். 'வாசலில் கார் நிறுத்த இடம் போச்சே' என்று புலம்புகிறவர்கள் இங்கேயும் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்கு உங்கள் நினைப்பு.

போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலாவது நீங்கள் ஜீப்பை நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஹார்ன் அடிப்பீர்கள், ஏறுகிற வண்டிக்கு ஒதுங்குவீர்கள். எதிரே வருவது தெரியாது என்ற பயம். அதே ஜீப் தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு, அடிவாரத்து முந்தல் தாண்டி ஊருக்குள் வந்ததும் டீக்கடை முக்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு எதிரே வருவது எப்படித் தெரியும்? வளைவில் உள்ள ஒழுக்கம் ஊருக்குள்ளும் வேண்டாமா?

நகராட்சி கம்பம் நடும்வரை காத்திருக்காமல், நாளையிலிருந்து ஜீப்பை முக்கிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்துங்கள். டீயை அங்கேயே கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். காசு நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மருமகன்