'முக்கால் மணி' சார்

சேலையூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். நாம் ஊருக்குக் கிளம்புவது எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிடும். "எதுல போறீங்க?" ரயில் என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் திருச்சி 290 கிலோமீட்டர். தூத்துக்குடி 525. மதுரை வெறும் 415 சார், முக்கால் மணி!" சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான். தெருவுக்கு அவர் 'முக்கால் மணி' சார்.

சாயங்காலமானால் மொட்டைமாடி. தலைக்கு மேல் எது பறந்தாலும் போனை அதை நோக்கி நீட்டுவார். "இது ஏடிஆர். ரெக்கைக்கு ஒரு விசிறி. மணிக்கு ஐந்நூறுதான் போகும், கொஞ்சம் கூட ஆகும்." ஒரே மனக்குறைதான் அவருக்கு. கூப்பிடு தூரத்தில் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை கிடக்கிறது; ஆனால் மதுரை போக மீனம்பாக்கம்தான் போகவேண்டும்.

வைகை எக்ஸ்பிரஸ் பேச்செடுத்தால் முகம் சுளிப்பார். 1977இல் மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கிய வண்டி. அகலப்பாதை வந்தும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. "ஏழரை மணி நேரம்! ஏழரைன்னாலே சனிதானே சார்?"

போன மாசி மாதம் மதுரையில் அவர் மச்சினர் மகள் கல்யாணம். அக்கா, அதாவது அவர் வீட்டம்மா, என் குடும்பத்தோடு வைகையில் வந்தார். சாருக்கு விமானம். எல்லோரும் ஒரே நேரத்தில்தான் தாம்பரம் ஸ்டேஷன் வந்தோம். தெற்கே இருக்கிற மதுரைக்குப் போக, சார் வடக்கே போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினார். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து அக்கா, "ஏங்க, குத்துவிளக்கு பத்திரம்!" என்று கத்தினார்.

செங்கல்பட்டு தாண்டும்போது போன். குத்துவிளக்கைக் கைப்பையில் வைத்திருந்தாராம்; இதைத் தூக்கி அடித்தால் மண்டை உடையும் என்று செக்யூரிட்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கவுன்டர், மறுபடி க்யூ. விழுப்புரத்தில் நாங்கள் டீ குடிக்கும்போது, "ரெண்டு மணி நேரம் லேட்டாம்" என்றார். குரலில் சுருதி இறங்கியிருந்தது. கொள்ளிடம் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் கோபுரம் தெரிந்தபோதுதான், "போர்டிங் சொல்லிட்டான்!" என்றார். அக்கா புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். சாருடைய பங்கைத் தனியே எடுத்து மூடிவைத்தார்.

மண்டப வாசலில் எங்கள் ஆட்டோ நின்றது. பின்னாலேயே ஒரு டாக்சி. குத்துவிளக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சார் இறங்கினார். யாரும் வாய் திறக்கவில்லை. அவரே ஆரம்பித்தார்: "ஆனா ஒண்ணு சார். தரையை விட்டுத் தரையைத் தொட முக்கால் மணிதான். நம்ம மாடிகூடத் தெரிஞ்ச மாதிரி இருந்தது."

"கொடியில துண்டு கிடந்துச்சா?" என்றார் அக்கா. பொட்டலத்தை அவர் கையில் வைத்து, "திரும்பறதுக்குப் பாண்டியன்ல ரெண்டு லோயர் பெர்த் போட்டுட்டேன், பேசாம வாங்க" என்றார்.

சார் புளியோதரையை மென்றுகொண்டே கணக்குப் போட்டார். "பாண்டியனா? தூங்கற நேரத்தைக் கழிச்சிட்டா, அதுவும் முக்கால் மணிதான்."