ஏலே பேராண்டி, சன்னலைத் தொற!

புது வீட்டுல வெறகடுப்பு வச்சிருக்கியாமே? சபாஷ்! ஒங்க அப்பத்தா அந்த அடுப்பை ஊதி ஊதியே கண்ணைக் கெடுத்துக்கிட்டா. கேஸ் வந்த அன்னைக்கே அதை ஒடச்சுக் குப்பையில கொட்டுனா. நீ அதையே கிரானைட்டுல கட்டி, மேல எவர்சில்வர் கூண்டும் மாட்டிப் 'பாரம்பரியம்'ங்கற. அதுவும் எங்க? வருசம் பூராம் வேர்த்து வடியிற ஆலங்குளத்துல! சரி, ஒன் காசு. ஆனா பத்த வச்சதும் புகை ஹாலுக்கு வந்து சோபாவுல ஒக்காந்துக்கிடுதாமே? அதுக்காக இன்னும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கப் போறியாமே?

வாங்காதலே. இருக்குற ஃபேன்தான் வினையே. அது வீட்டுக் காத்தை வெளிய தள்ளுது. போன காத்துக்கு ஈடா வேற காத்து உள்ள வரணுமா, வேண்டாமா? ஏசி குளுமை தப்பிச்சிரும்னு சன்னலையெல்லாம் ரப்பர் வச்சு அடச்சுட்ட. பெறகு காத்து எந்த வழியா வரும்? தொறந்து கெடக்குறது புகைக்குழாய் ஒண்ணுதான். அது வழியா எறங்குது, புகையையும் கூட்டிக்கிட்டு. சிரிக்காத. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு மூடுன ரூம்புக்குள்ள கரி மூட்டிப் படுத்து, எந்திரிக்காமலே போனவுக உண்டு. அந்தப் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, நெறமும் கெடையாது.

புகை ஏன் மேல போகுது? குழாய்க்குள்ள சூட்டுக் காத்து லேசு, வெளிக்காத்து கனம். அந்த வித்தியாசந்தான் இழுவை. ஊட்டிக் குளிருல நல்லா இழுக்கும். 40 டிகிரி வெயில்ல நம்ம ஊருல சொணங்கும். ஒசரம் கூடுனா இழுவை கூடும், வாஸ்தவம். ஆனா நாலு மடங்கு ஒசத்துனாலும் வேகம் ரெண்டு மடங்குதான். ஒன் இஞ்சினியரு என்ன செஞ்சிருக்காரு? எலிவேசன் கெட்டுரும்னு குழாயை ரெண்டு தடவ மடக்கி, மொட்டமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழயே முடிச்சிட்டாரு. சுவத்துல மோதுற காத்து புகையத் திருப்பி அனுப்பாம என்ன செய்யும்? கேட்டா, நம்ம ஊரு சிமெண்ட் ஆலையில புகை போகலயாங்காரு. 1970ல வந்த ஆலைய எனக்கே காட்டுறாரு! சிமெண்டுச் சூளையில மோட்டார் விசிறி வச்சுல்ல புகையை இழுக்காக?

அப்பத்தா அடுப்பு வாய்க்கு மேல மூணு குமிழ் வச்சிருப்பா, கண்டிருக்கியா? பானை அதுமேல ஒக்காரும். பானைக்கும் அடுப்புக்கும் நடுவுல ரெண்டு வெரக்கடை சந்து. தீ அது வழியாத்தான் வெளிய வந்து பானையச் சுத்தும். நீ அழகில்லைன்னு குமிழை வழிச்சுட்டு, தட்டையான கல்லுமேல பானைய அப்பி வச்சிருக்க. மூக்கைப் பொத்திட்டு மூச்சு விடுன்னா தீ எப்படிடே விடும்?

இதெல்லாம் புதுசுன்னு நெனைக்காத. ஹைதராபாத் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பத்தி எழுதுன புஸ்தகம் 1953லயே மெட்ராஸ்ல அச்சாச்சு. 1980கள்ல சர்க்காரும் குழாய் வச்ச அடுப்பை ஊர் ஊராக் குடுத்துச்சு. குழாயக் குடுத்தாக, சரி. உள்ள படியுற கரியைச் சொரண்டுறது யாரு? எத்தனையோ அடுப்பு அதுலயே மூச்சு முட்டிப் போச்சு.

இப்ப ஒண்ணு செய். ஃபேனை நிறுத்து. அடுப்புக்குப் பக்கத்துல இருக்குற சன்னலைத் தொற. சிவகாசித் தீப்பெட்டி எடுத்து ஒரு ஊதுபத்தியக் கொளுத்தி அடுப்பு வாய்கிட்டப் பிடி. புகை உள்ள போச்சுன்னா வழி இருக்கு. மூஞ்சிக்கு வந்துச்சுன்னா, கொத்தனாரக் கூப்பிட்டுக் குழாய நேராக்கி, கைப்பிடிச் சுவருக்கு மேல ரெண்டு முழம் தூக்கச் சொல்லு. குமிழையும் வச்சுத் தரச் சொல்லு. நேத்து வெட்டுன வேலிக்கருவையை இன்னைக்கே அடுப்புல திணிக்காத, ஆறு மாசம் காயட்டும்.

அதுவரைக்கும் சோத்துக்கு என்ன வழின்னு கேக்குறியா? கேஸ்ல பொங்கு. வர்றவுக கேட்டா வெறகடுப்புச் சோறுன்னு சொல்லிக்கிட வேண்டியதுதான்.