புலம்பலும் புலம்பல் நிமித்தமும்: பிரிட்டிஷ் மழை குறித்து ஒரு முன்னோட்ட ஆய்வு

சென்ற மாதம் ஒரு கருத்தரங்க மலரை வாசிக்க நேர்ந்தது. முந்நூற்றுச் சொச்சம் பக்கம். தலையணையாக வைத்தால் கழுத்து வலிக்கும். ஒவ்வொரு கட்டுரையும் "இப்பொருள் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று தொடங்கி, "இது மேலாய்வுக்குரியது" என்று முடிந்தது. நடுவில் இருந்ததெல்லாம் மேற்கோள். இவ்வளவுதான் சங்கதி என்றால் நாமும் ஒன்று எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. பதினெட்டு வருடமாக லண்டன் ஹாரோவில் ஒரே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். களப்பணிக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? கருவி: கறுப்புக் குடை ஒன்று, ஒரு கம்பி வளைந்தது.

ஆகவே, பிரிட்டிஷ் மழையையும் அதையொட்டிய புலம்பலையும் பற்றி இதுவரை யாரும் ஆராயவில்லை. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1758இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 2004இல் வந்த ஒரு புத்தகத்தில் கேட் ஃபாக்ஸ் என்ற மானுடவியலாளர் வானிலைப் பேச்சுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். இந்த இருவரையும் கழித்துவிட்டுத்தான் "யாரும்" என்கிறேன். துறை வழக்கம் அப்படி. ஃபாக்ஸ் அம்மையார் சாமானியர் அல்லர். முன்பின் தெரியாதவர்கள்மேல் வேண்டுமென்றே மோதி, எத்தனை பேர் "சாரி" சொல்கிறார்கள் என்று கணக்கெடுத்தவர். எங்கள் ஊரில் இதைச் செய்தால் ஆய்வு என்று சொல்ல மாட்டார்கள்.

தொல்காப்பியர் நிலத்தை நான்காகப் பகுத்து ஐந்திணை சொன்னபோது ஹாரோ அவர் கவனத்துக்கு வரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஆறாம் திணை ஒன்றை இங்கே வகுக்கிறேன். திணைக்குப் பூவின் பெயரை வைப்பது மரபு. இந்த நிலத்தில் எல்லாப் பருவத்திலும் விரிவது குடை ஒன்றே. எனவே இது குடைத்திணை.

முதற்பொருளில் நிலம். பிரிட்டனில் மழை அதிகம் என்று ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. லண்டனில் ஓராண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 600 மி.மீ.; சென்னையில் 1,400. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்டிமீட்டரை லண்டனிடம் கொடுத்திருந்தால் பத்து மாதம் வைத்துச் செலவு செய்திருப்பார்கள். வித்தியாசம் அளவில் இல்லை, பட்டுவாடாவில் இருக்கிறது. சென்னை வானம் சம்பளத்தின் பெரும்பகுதியை ஐப்பசி கார்த்திகையில் கையில் திணித்துவிட்டுப் போய்விடும். லண்டன் வானத்துக்குத் தினக்கூலி முறை. (கம்பிரியா மலைப்பக்கம் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அவ்வூரை இவ்வாய்வில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முடிவு மாறிவிடும்.)

நம்மிடம் தூறல், சாரல், தூவானம், சோனை, அடைமழை உண்டு. அவர்களிடம் டிரிசில், மிசில், ஷவர், ஸ்பிட்டிங். கடைசிச் சொல்லுக்கு நேர்ப்பொருள் துப்புதல். வந்த புதிதில், நிறுத்தத்தில் நின்ற மூதாட்டி மேலே காட்டி அந்தச் சொல்லைச் சொன்னபோது, எந்த வீட்டு மாடியிலிருந்து துப்பினார்கள் என்று அண்ணாந்து பார்த்தேன்.

பொழுது: பருவம் நான்கு என்கிறார்கள்.

இனிக் கருப்பொருள். தெய்வம், புனித ஸ்விதின். ஜூலை 15ஆம் தேதி அவர் நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் தொடரும் என்பது நம்பிக்கை. உணவு, தேநீர். விலங்கு, நாயும் பூனையும். பெருமழையில் இவை வானத்திலிருந்து விழுவதாக வழக்கு உண்டு, களப்பணியில் ஒன்றும் அகப்படவில்லை. மரம், ஓக். கென்ட் பகுதியில் செவன்ஓக்ஸ் என்றே ஓர் ஊர், ஏழு ஓக். 1987 அக்டோபர் 15 அன்று தொலைக்காட்சியில் மைக்கேல் ஃபிஷ் என்ற வானிலையாளர், சூறாவளி வருகிறதாமே என்று ஒரு பெண் தொலைபேசியில் கேட்டதாகச் சொல்லி, அப்படி ஒன்றும் இல்லை என்றார். அன்றிரவு அடித்த காற்றில் தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரம் சாய்ந்தது. செவன்ஓக்ஸில் ஏழில் ஆறு போயிற்று. ஊர்ப்பெயரை அவர்கள் மாற்றவில்லை. பாடபேதம் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

பறை, ஷிப்பிங் ஃபோர்காஸ்ட் என்னும் கப்பல் வானிலை அறிவிப்பு. கடலை 31 பகுதிகளாகப் பிரித்து வானொலியில் தாலாட்டு மாதிரி வாசிப்பார்கள். கப்பல் இல்லாதவர்களும் போர்வைக்குள் கிடந்து கேட்பார்கள். வானிலையை முன்கூட்டிச் சொல்லும் வேலையை அந்த நாட்டில் தொடங்கிவைத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வின் சென்ற பீகிள் கப்பலின் தலைவர். 1861இல் அவருடைய கணிப்புகள் நாளிதழில் வரத் தொடங்கின. தவறியபோதெல்லாம் ஊர் சிரித்தது. 2002இல் ஒரு கடற்பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். தவறாகக் கணித்த பேராசிரியர்களுக்கும் இப்படிச் செய்வதென்றால் கடல் போதாது.

தொழில், அளத்தல். ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் 1860இல் தொடங்கிய மழையளவைக் கூட்டத்தில், 1900இல் அவர் இறக்கும்போது 3,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருந்தார்கள். ஊர் ஊராக, காலைதோறும், சம்பளமில்லாமல், தோட்டத்துப் புனலில் எத்தனை அங்குலம் என்று பார்த்து எழுதினவர்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதே பரம்பரையின் கடைக்குட்டி, மழை கெடுத்த கிரிக்கெட் ஆட்டத்துக்கு இலக்கு கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறை. 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் பன்னிரண்டு நிமிட மழை வந்து, 13 பந்தில் 22 ஓட்டம் எடுக்க வேண்டிய தென்னாப்பிரிக்காவை 1 பந்தில் 22 என்று பலகையில் காட்டி நிறுத்தியது. பயனடைந்தது இங்கிலாந்து. இது அநியாயம் என்று பிறகு சூத்திரம் எழுதித் திருத்தினவர்களும் ஆங்கிலேயர்களே.

குடை ஏந்திய முதல் லண்டன் ஆண்மகன் என்று ஜோனஸ் ஹான்வே சொல்லப்படுகிறார், 18ஆம் நூற்றாண்டு. குதிரைவண்டிக்காரர்கள் தெருவில் அவரை ஏசினார்கள். மழையில்தானே அவர்களுக்குச் சவாரி. இந்த ஹான்வே தேநீர் உடம்புக்குக் கேடு என்று 1756இல் ஒரு கட்டுரை எழுதினார். தேநீர்க்கெண்டியும் கையுமாக வாழ்ந்த ஜான்சன் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆக, குடையைத் தந்தவர் தேநீருக்குப் பகை. தேநீர்க்காரர் வானிலைப் பேச்சை எள்ளியவர். இரண்டு கட்சியும் தோற்றுப்போய், குடையும் தேநீரும் வானிலைப் பேச்சும் இன்று ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன.

இனி உரிப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஐந்தும் பிறருடையவை. குடைத்திணைக்குப் புலம்பலும் புலம்பல் நிமித்தமும். இதற்கு ஒரு மூலசூத்திரம் உண்டு:

மஸ்ட்ன்ட் கிரம்பிள்.

என்பது சூத்திரம். என் நுதலிற்றோ எனின், புலம்புதலின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: புலம்பலாகாது, என்றவாறு.

இச்சூத்திரத்தில் எழுவாய் இல்லை. யார் புலம்பலாகாது? நான் என்பார் ஒருசாரார். நீ என்பார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை இருபது நிமிடம் மழை, மூட்டுவலி, குப்பை வண்டி, மருமகன் ஆகிய நான்கையும் முறையே எடுத்துரைத்துவிட்டு, இறுதியில் இதைச் சொல்லிக் கதவைச் சாத்தினார் (பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு அப்பால், வாய்மொழி). சொல்லும்போது புலம்பல் முழுவதும் முடிந்திருந்தது. ஆகவே இது விலக்கு அன்று, மங்களம். கச்சேரி முடிந்தது, எழுந்து போகலாம் என்பது கருத்து. மூதாட்டியோ இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார் (மூதாட்டி, பே.நி., இருக்கையின் இடக்கோடி, நாயுடன், நாய் கருத்துக் கூறவில்லை). அங்கே அது காப்புச் செய்யுள். காப்பும் மங்களமும் ஒரே அடியாக அமைந்த இலக்கியம் வேறெந்த மொழியிலும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். வேறெந்த மொழியிலும் தேடிப் பார்க்கவில்லை.

"ரெய்னிங் அகெய்ன்" என்பதிலுள்ள அகெய்ன், "இன்றும் மழை" என்பதிலுள்ள உம்மை. நேற்றும் பெய்தது என்பதால் இறந்தது தழீஇய எச்சவும்மை. நாளையும் பெய்யும் என்பதால் எதிரது தழீஇயதும் ஆம். ஒரே உம்மை இருபுறமும் தழுவுவது மரபுப் பிழை அன்றோ எனின், அன்று; இது அந்த நாட்டு வானத்தின் பிழை. நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் ஜனவரி மழையைத் தூக்கி ஆகஸ்டில் மாட்டிப் பொருள் சொல்லியிருப்பார். சற்றும் பிசகாது பொருந்தியிருக்கும்.

வினா விடையைப் பொறுத்தவரை நன்னூலார் கைவிட்டுவிட்டார். அவர் சொன்ன வினா ஆறு: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. "ஹாரிபிள் டே, இசின்ட் இட்?" என்பது இவற்றுள் எதிலும் அடங்காது. கேட்பவருக்கு விடை தெரியும், கேட்கப்படுபவரும் நனைந்துகொண்டுதான் நிற்கிறார். இதற்கு ஏழாவதாக ஒத்தூதல் வினா என்று பெயரிடுகிறேன். விடை எட்டு வகை என்றாலும் இதற்கு நேர்விடை ஒன்றே செல்லும். "எஸ், இட் இஸ்" என்பதில் இட் இஸ் இல்லாமலும் சொல்லலாம், எஸ் இல்லாமல் சொல்லக் கூடாது.

இதை நான் அறிந்த விதம் சொல்லத்தக்கது. வந்த முதல் நவம்பரில் மூதாட்டி இந்த வினாவைத் தொடுத்தார். சட்டைக் காலரில் ஒட்டிய நாலு துளியைப் பார்த்துவிட்டு, "இது மழையே இல்லை, எங்கள் ஊரில் இதற்குக் குடைகூட எடுக்க மாட்டோம்" என்றேன். மறைவிடை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். நாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. பேருந்து வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. அந்த ஒன்பது நிமிடமும் கொட்டகையின் தகரத்தில் சொட்டுகிற சத்தம் கேட்டது. மறுநாள் நானே முந்திக்கொண்டு, "டெரிபிள்" என்றேன். இன்றுவரை சிநேகிதம்.

புலம்பலின் நிமித்தங்கள் பல. மழை இல்லாமையும் ஒன்று. 1976இல் பெரும் வறட்சி. ஆகஸ்டில் விளையாட்டு அமைச்சர் டெனிஸ் ஹோவெலுக்கு வறட்சிப் பொறுப்பையும் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே கொட்டத் தொடங்கியது. யாகம் நடத்திய செலவு மிச்சம். பனியும் ஒன்று. 1991 பிப்ரவரியில் ரயில்கள் நின்றபோது, விழுந்த பனி பொடிப்பனி, அது மோட்டாருக்குள் புகுந்துவிட்டது என்று பிரிட்டிஷ் ரயில் தரப்பில் விளக்கம் தந்தார்கள். செய்தித்தாள்கள் அதைத் தவறான வகைப் பனி என்று சுருக்கின. சிரித்தார்கள். எனக்கோ பொறாமை. நிகழ்ந்த தவறுக்கு வகைப்பாட்டைக் காரணம் காட்டுவது எங்கள் துறையின் உரிமை.

காலம் மாறிவிட்டதே என்பது நிமித்தங்களில் முதிர்ந்தது. 2000இல் 27 பென்ஸாக இருந்த முதல்வகுப்புத் தபால்தலை 2025 ஏப்ரலில் 1 பவுண்டு 70 ஆயிற்று (பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு இப்பால், ஏனெனில் இந்தச் செய்திக்காக அவரே நடந்து வந்தார்). மழைக்கு ஒதுங்கிய சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள் பலவற்றை ஒரு பவுண்டுக்கு ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இப்போது பழைய புத்தகமும் மாரடைப்புக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியும். புயலுக்கு 2015இலிருந்து பெயர் வைக்கிறார்கள். முதற்பெயர் அபிகெயில். பேர் வைத்த பிறகு புயலை முன்போல மனம்விட்டு ஏச முடிவதில்லை, யாரோ தெரிந்த வீட்டுப் பெண்ணைச் சொல்கிற மாதிரி இருக்கிறது என்பது மூதாட்டியின் மனக்குறை.

திணைமயக்கமும் நிகழ்ந்திருக்கிறது. 2022 ஜூலை 19இல் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. குடைத்திணையும் திரிந்து பாலை ஆகும் என்பதற்கு அதுவே சான்று. 2024 மே 22இல் அன்றைய பிரதமர் ரிஷி சூனக் கொட்டுகிற மழையில் குடையின்றிப் பிரதமர் இல்லத்து வாசலில் நின்று தேர்தலை அறிவித்தார். கோட்டு தொப்பலாக நனைந்தது. ஜூலை 4 தேர்தலில் அவர் கட்சி தோற்றது. திணைக்குரிய கருப்பொருளைக் கையில் எடுக்காததால் வந்த வினை என்று நான் எழுதினால், அரசியல் அறிவியல்காரர்கள் வேறு காரணங்களை நானூறு பக்கத்தில் எழுதுவார்கள்.

காலம் மாறிவிட்டதே என்பதற்குத் தமிழ்ப் பாடமும் உண்டு. "முந்தி பெய்த மாதிரியே இப்ப பெய்யுது? இப்ப மழையும் ஏனோதானோ எண்டுதான்" என்பது ஹாரோ யாழ்ப்பாணத்தார் மரபு (கடை ஐயா, முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் இடையே, தொலைபேசியில் வேறொருவருக்குச் சொன்னது, இவ்வாய்வாளர் ஒட்டுக்கேட்டது, ஒப்பு நோக்குக: அவர் மனைவி, கல்லாவுக்குப் பின்னால், "இவருக்கு ஊரிலயும் இதே கதைதான்", முழுமறுப்பு). ஐயா நாற்பது வருடத்துக்கு முன் வந்தவர். சூத்திரத்தை அவர் ஆங்கிலத்தில் சொல்வதில்லை; "எனக்கென்ன, நான் ஏன் வாய் திறக்கிறன்" என்பார். அதற்கு முன்னால் அரை மணி நேரம் திறந்திருக்கும்.

இது மேலாய்வுக்குரியது. ஆனால் என்னால் இப்போதைக்கு இயலாது. சென்ற வியாழக்கிழமை களப்பணியை முடித்துக்கொண்டு பேருந்தில் ஏறியபோது குடையை நிறுத்தத்து இருக்கையின் வலக்கோடியில் சாய்த்து வைத்தேன். நினைவு வந்து திரும்பியபோது இல்லை. கறுப்பு, ஒரு கம்பி வளைந்தது, கைப்பிடியில் நீல நூல் சுற்றியிருக்கும். எடுத்தவர்கள் தயவுசெய்து அதே இடத்தில் வைத்துவிடவும். மூதாட்டியிடம் கொடுத்தாலும் போதும்.